தாடி காற்றைக் குடிக்கும்

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற தீயணைப்பு நிலைய அலுவலர் ஒருவரின் பதில்கள்

சென்ற இதழில் சமையல் எரிவாயு விபத்துகளைப் பற்றி நான்கு பக்கம் எழுதினேன். நடுவில் போகிற போக்கில் ஒரு வரி: "தீயணைப்புக்காரன் தினமும் சவரம் செய்வது அழகுக்காக அல்ல." எரிவாயுவைப் பற்றி இரண்டே கடிதங்கள் வந்தன. தாடியைப் பற்றி ஒரு கட்டு. நம் மக்களுக்கு எது முக்கியம் என்று தெரிந்துகொண்டேன். இந்த முறை தாடிதான்.

முதலில் ஒரு விளக்கம். நிலையத்தில் நாங்கள் பி.ஏ. செட் என்று சொல்வது, முதுகில் சுமக்கும் சிலிண்டரும் முகம் முழுவதையும் மூடும் மாஸ்க்கும் சேர்ந்த மூச்சுக்கருவி. பலர் நினைப்பதுபோல் சிலிண்டரில் இருப்பது தனி ஆக்சிஜன் அல்ல. நாம் சுவாசிக்கும் இதே காற்றைத்தான் அழுத்தி அடைத்திருப்பார்கள். மாஸ்க்கின் ரப்பர் விளிம்பு நெற்றியில் தொடங்கி, இரண்டு நெற்றிப்பொட்டுகளின் வழியாகக் கன்னத்தில் இறங்கி, மோவாய்க்குக் கீழே போய்ச் சேரும். அந்த ஒரு விரல் அகல விளிம்பு தோலில் ஒட்டிப் படிந்திருக்கும்வரைதான் அது மூச்சுக்கருவி. இல்லாவிட்டால் முதுகில் வெறும் சுமை.

*

என் கணவர் தீயணைப்பாளர். நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. குழந்தை பிறக்கும்வரை அவர் சவரம் செய்யக்கூடாது என்கிறார் மாமியார். அவரோ தினமும் காலையில் முகம் மழித்துக்கொண்டு வேலைக்குப் போகிறார். வீட்டில் பேச்சுவார்த்தையே நின்றுவிட்டது. யார் பக்கம் நான் நிற்பது?
*வாசகி, கோவில்பட்டி*

தங்கச்சி, உங்கள் மாமியாருக்குப் பதில் சொல்ல என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார். இதே விஷயத்தில் நான் என் அம்மா சொன்னதைக் கேட்டவன்.

1993. என் மனைவிக்குத் தலைப்பிரசவம். எனக்கு மூன்று மாதத் தாடி. தென்மாவட்டத்தில் ஒரு நூற்பாலை ஊரில் தீயணைப்பாளராக இருந்தேன். புரட்டாசி மாதம், மதியம் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் பெல் அடித்தது. பஞ்சுக் கிடங்கு.

பஞ்சுப் பொதி எரிவது வைக்கோல் எரிவது போல அல்ல. மேலே தண்ணீர் அடித்தால் அணைந்தது போலப் பாசாங்கு செய்யும். பொதிக்குள் கனல் மட்டும் நகர்ந்துகொண்டே இருக்கும். சுடர் அதிகம் தெரியாது, புகை மட்டும் தரையோடு தரையாகப் பரவும். உள்ளே போய் எந்த அடுக்கில் கனல் இருக்கிறது என்று பார்த்து, பொதிகளைப் பிரித்து வெளியே உருட்ட வேண்டும். நிலையத்தில் இருந்தவை இரண்டே பி.ஏ. செட். ஒன்று எனக்கு, ஒன்று எங்கள் முன்னணித் தீயணைப்பாளருக்கு.

அந்தக் காலத்துச் செட் பழைய வகை. நாம் மூச்சை இழுத்தால்தான் வால்வு திறந்து காற்று வரும். இழுக்கும் அந்த நொடியில் மாஸ்க்குக்குள் அழுத்தம் வெளியைவிடக் குறைவாக இருக்கும். விளிம்பில் ஊசிமுனை இடுக்கு இருந்தாலும் வெளியில் இருப்பது உள்ளே வந்துவிடும். என் முகத்தில் இருந்தது ஊசிமுனையா? இரண்டு கன்னத்திலும் புதர்.

போன சில நிமிடங்களில் கண் எரிந்தது. வியர்வை என்று நினைத்தேன். பிறகு பொட்டு இரண்டும் தெறிக்க ஆரம்பித்தன. பொதிகளை எண்ணிக்கொண்டே போவது எங்கள் வழக்கம், இருட்டில் திரும்பி வர அதுதான் வழிகாட்டி. ஆறு, ஏழு, எட்டு என்று எண்ணியவன் மறுபடி ஆறு என்றேன். அது தப்பு என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. கூட வந்தவர் என் பெல்ட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓஸ் பைப்பைத் தடவியபடியே வெளியே வந்தார். வேப்ப மரத்தடியில் மாஸ்க்கைக் கழற்றியதும் சாப்பிடாத சோற்றையெல்லாம் வாந்தி எடுத்தேன்.

கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, மணம் கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இதை இருநூறு மடங்குக்கு மேல் ஆசையாகப் பிடித்துக்கொள்ளும். பிடித்தால் லேசில் விடாது. ஆள் சாகும் முன் முதலில் போவது கணக்கு. நான் எட்டுக்கு அப்புறம் ஆறு என்றது அதனால்தான்.

முன்னணித் தீயணைப்பாளர் படிப்பு குறைந்த மனிதர். என் தாடியைப் பிடித்து ஆட்டிவிட்டு, "தம்பி, இது காற்றைக் குடிக்கும்" என்று மட்டும் சொன்னார். அன்று இரவே மழித்துவிட்டேன். அம்மா பதினைந்து நாள் என்னோடு பேசவில்லை. தை மாதம் மகள் பிறந்தாள். இன்று வங்கியில் வேலை பார்க்கிறாள். காது குத்தும்போது ஊரைக் கூட்டி அழுததைத் தவிர ஒரு குறையும் இல்லை.

உங்கள் மாமியாரிடம் ஒரு சமரசம் பேசிப் பாருங்கள். தாடிக்குப் பதிலாகத் தலைமுடியை வெட்டாமல் இருக்கட்டும். ஹெல்மெட்டுக்குள் அது யாருக்கும் இடைஞ்சல் இல்லை. முன்நெற்றியில் விழுந்து மாஸ்க் விளிம்புக்குள் மாட்டாமல் வாரிக்கொண்டால் போதும். பிறக்கப்போகும் குழந்தைக்கு அப்பாவின் தாடியைவிட அப்பா தேவை என்று நான் சொன்னதாகவும் சொல்லுங்கள். திட்டினால் என்னைத் திட்டட்டும்.

*

நான் இயந்திரவியல் பொறியாளன். இப்போதைய மூச்சுக்கருவிகளில் மாஸ்க்குக்குள் எப்போதும் வெளியைவிடக் கூடுதல் அழுத்தம் இருக்கும். இடுக்கு இருந்தாலும் காற்று வெளியேதான் போகும், புகை உள்ளே வராது. அப்படியிருக்க இன்னும் தாடியைக் குறை சொல்வது பழைய பழக்கம் தவிர வேறென்ன?
*வாசகர், கோயம்புத்தூர்*

பாதி சரி. மீதிப் பாதியில்தான் ஆள் சாகிறான்.

கூடுதல் அழுத்த வகை வந்தபோது நானும் உங்களைப் போலத்தான் நினைத்தேன். பஞ்சுக் கிடங்கு அனுபவம் இருந்தும், 'இனிக் கவலை இல்லை' என்று ஒரு நிம்மதி. பிறகு நானே பயிற்சி கொடுக்கும் இடத்துக்கு வந்தபோது பையன்கள் இதே கேள்வியைக் கேட்டார்கள். வாயால் பதில் சொல்லாமல் ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வரச் சொன்னேன்.

ஒரே வயது, ஏறக்குறைய ஒரே முகவாக்குள்ள இருவரை நிறுத்தினேன். ஒருவன் அன்று காலை சவரம் செய்தவன். இன்னொருவன் ஊர்த் திருவிழாவுக்குப் போய் ஐந்து நாள் தாடியோடு திரும்பியவன். இருவருக்கும் மாஸ்க் மாட்டி, வாரை இழுத்து, வால்வைத் திறந்து, பெயிண்ட் பிரஷால் விளிம்பைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவினேன். சைக்கிள் கடையில் பஞ்சர் பார்க்க டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்குவார்களே, அதே வேலை. மழித்தவன் முகத்தில் ஒன்றும் இல்லை. தாடிக்காரனுக்கு இடது காதுக்குக் கீழே தாடை எலும்பு திரும்பும் இடத்தில் முதலில் நாலைந்து குமிழ். பிறகு மோவாய்க்கு அடியில் பொங்கல் பானை போல நுரை தள்ளியது. பையன்கள் கைதட்டிச் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. இருவரையும் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டேன். பத்து நிமிடம் கழித்துப் பிரஷர் கேஜைப் பார்த்தால், தாடிக்காரனின் சிலிண்டர் மற்றவனைவிட 30 பார் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) கூடுதலாக இறங்கியிருந்தது.

பொறியாளருக்குக் கணக்கு பிடிக்கும் அல்லவா? ஆறு லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரை 300 பாருக்கு அடைத்தால் சுமார் 1800 லிட்டர் காற்று. ஓர் ஆள் நிமிடத்துக்கு 40 லிட்டர் இழுப்பதாக வைத்தால் 45 நிமிடம். இது காகிதத்தில். உடல் கனமுள்ள ஆளைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மாடி இறங்குகிறவன் நாற்பதோடு நிறுத்த மாட்டான். அழுத்தம் 55 பார் அளவுக்கு இறங்கும்போது விசில் அடிக்கும். அப்போது மிச்சம் இருப்பது 330 லிட்டர், அதே நாற்பது கணக்கில் எட்டு நிமிடத்துக்கு. அந்த எட்டு நிமிடம் வெளியே வருவதற்கு. இதில் 30 பாரைத் தாடி குடித்துவிட்டால் 180 லிட்டர் போச்சு. படிக்கட்டில் நாலைந்து நிமிடம் என்பது என்ன என்று அங்கே நின்றவனுக்குத்தான் தெரியும்.

இன்னொன்று. கடுமையாக வேலை செய்யும்போது ஆள் வெடுக்கென்று மூச்சை இழுப்பான். வால்வு காற்றைக் கொடுக்கும் வேகத்தை அந்த இழுப்பு ஒரு கணம் முந்திவிடலாம். அந்தக் கணத்தில் உங்கள் கூடுதல் அழுத்தம் குறைவழுத்தம் ஆகிவிடும். மாஸ்க் படிந்த முகத்தில் அதனால் ஒன்றும் ஆகாது. இடுக்குள்ள முகத்தில் 1993தான் மறுபடியும்.

*

முழுத்தாடி வேண்டாம், சரி. டிரிம்மரில் ஒரு மில்லிமீட்டருக்கு வெட்டிய இளந்தாடி இருக்கலாமா? பார்க்கவும் நன்றாக இருக்கிறது.
*வாசகர், சென்னை*

பார்க்க நன்றாகத்தான் இருக்கும். மாஸ்க் பார்ப்பதில்லை.

இளந்தாடி நீளத் தாடியைவிடச் சாது என்று நினைக்காதீர்கள். நீள முடி வளைந்து மடிந்தாவது கொடுக்கும். குச்சிமுடி விறைப்பாக நின்று ரப்பரைத் தூக்கிப் பிடிக்கும். கதவுக்கு அடியில் தேங்காய்நார் மிதியடி மாட்டிக்கொண்டால் கதவு எப்படி மூடாமல் நிற்குமோ அப்படி. முடியின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதானே என்பீர்கள். புகைத்துகளில் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வாயுவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவற்றுக்கு அது கோயில் கோபுர வாசல்.

அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்பு விதி இதைத் தெளிவாகவே சொல்கிறது: மாஸ்க்கின் விளிம்புக்கும் முகத்துக்கும் நடுவில் முடி வருமானால், அல்லது வால்வின் வேலையை முடி கெடுக்குமானால், அந்த ஆளை மாஸ்க் மாட்ட விடக்கூடாது. எத்தனை மில்லிமீட்டர் என்று அதில் இல்லை. 2017இல் அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் விதவிதமான மீசை தாடிகளை வரிசையாகப் படம்போட்டு, எதை வைத்துக்கொண்டு சுவாசக் கவசம் அணியலாம் என்று டிக்கும் இன்டூவும் போட்டது. 2020இல் கொரோனா வந்தபோது அந்தப் படம் உலகம் முழுவதும் மறுபடி சுற்றியது. பல மீசைகளுக்கு அதில் டிக் உண்டு. இளந்தாடிக்கு இன்டூ.

முடி ஒரு நாளில் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்காவது வளரும். ஆகவே முந்தின நாள் மாலை சலூனுக்குப் போய்வந்தேன் என்பதும் செல்லாது. டியூட்டிக்கு வருமுன் மழிக்க வேண்டும்.

*

கார்த்திகை முதல் தேதி மாலை போடும் தீயணைப்பு வீரர்கள் என்ன செய்வார்கள்? 41 நாள் சவரம் கூடாதே?
*குருசாமி ஒருவர், தேனி*

சாமி சரணம். இந்தக் கேள்வி வருமென்று எதிர்பார்த்தேன்.

நான் பொறுப்பில் இருந்த நிலையத்தில் ஒவ்வொரு கார்த்திகையிலும் நான்கைந்து பேர் மாலை போடுவார்கள். அவர்களை ஓட்டுநர் பக்கம், பம்ப் பக்கம், தொலைபேசி மேசை என்று மாற்றிப் போட்டுவிடுவேன். தண்ணீர் கொடுப்பவனுக்கு மாஸ்க் தேவையில்லை. ஆனால் ஒரு ஷிப்டில் இருப்பதே பத்துப் பேர், அதில் நாலு பேர் மாலை என்றால் உள்ளே போக யார் இருக்கிறார்கள்? பெல் யார் சாமி, யார் ஆசாமி என்று பார்த்து அடிப்பதில்லை.

ஒரு வருடம் கன்னிச்சாமி ஒருவன். நல்ல உடல்வாகு, உள்ளே போவதில் முதல் ஆள். அவனை மேசையில் உட்காரவைக்க எனக்கு மனமில்லை, விரதத்தைக் கெடுக்கவும் மனமில்லை. அவனுடைய குருசாமியைப் பார்க்கப் போனேன். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். நெஞ்சுவரை வெள்ளைத் தாடி. முழுதும் கேட்டுவிட்டு, "அந்த மாஸ்க்கைக் கொண்டுவாருங்கள், பார்க்கிறேன்" என்றார்.

மறுநாள் கொண்டுபோனேன். பூஜை அறைக்கு வெளியே திண்ணையில் உட்காரவைத்து மாட்டிவிட்டேன். சிலிண்டர் இணைக்காத வெறும் மாஸ்க். காற்று வரும் வாயை அவருடைய உள்ளங்கையாலேயே மூடச்செய்து, "இப்போது மூச்சை இழுங்கள் சாமி" என்றேன். முகத்தில் சரியாகப் படிந்திருந்தால் மாஸ்க் கன்னத்தோடு உறிஞ்சிக்கொள்ளும், மூச்சு வராது, பத்து நொடியானாலும் அப்படியே நிற்கும். மாட்டியதும் ஒவ்வொருவரும் செய்யவேண்டிய சோதனை இதுதான். குருசாமி இழுத்தார். சாவகாசமாக இழுத்தார். கையை இன்னும் அழுத்தி மறுபடி இழுத்தார். திண்ணையில் உட்கார்ந்து வேப்பங்காற்று வாங்குவது போல மூச்சு போய்வந்தது. கழற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போனவர், அந்தப் பையனைக் கூப்பிட்டு ஐயப்பன் படத்துக்கு முன் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அடுத்த நாள் காலை கழுத்தில் துளசிமாலையும் மழித்த முகமுமாக வேலைக்கு வந்தான். இருமுடி கட்டி மலைக்கும் போய்வந்தான்.

எல்லாக் குருசாமிகளும் அப்படிச் சொல்வார்கள் என்று நான் சொல்லவில்லை. உங்களிடம் ஒரு தீயணைப்புக்காரன் வந்தால் மாஸ்க்கைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

*

காவல்துறையில் முஸ்லிம்கள் தாடி வைக்க நீதிமன்றமே அனுமதிக்கிறது. தீயணைப்புத் துறைக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?
*வாசகர், மேல்விஷாரம்*

நீங்கள் சொல்வது 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கொடுத்த தீர்ப்பு. தாடி வைத்ததற்காக ஒரு முஸ்லிம் காவலருக்கு விதித்த தண்டனையை நீதிமன்றம் ரத்து செய்தது. 1957ஆம் ஆண்டு மெட்ராஸ் போலீஸ் கெஜட்டே முஸ்லிம் காவலர்கள் ஒழுங்காகக் கத்தரித்த தாடி வைக்கலாம் என்றிருக்கிறது. எனக்கு அந்தத் தீர்ப்பு பிடித்திருந்தது. மாறாக, 2016இல் விமானப்படை வீரர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் படையின் பக்கம் நின்றது. அங்கே பேசப்பட்டது சீருடை ஒழுங்கு.

என் கவலை ஒழுங்கு இல்லை. தாடியால் காவலரின் லத்தி கெட்டுவிடாது. எங்கள் மாஸ்க் கெட்டுவிடும். அவ்வளவுதான் வித்தியாசம். இதில் மதமே கிடையாது. என் அம்மாவின் நேர்த்தியும் ஐயப்பன் விரதமும் உங்கள் நபிவழித் தாடியும் அந்த ரப்பர் விளிம்புக்கு ஒன்றுதான்.

ஆனாலும் முடிந்துபோன வழக்கு இது என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் முஸ்லிம், யூதத் தீயணைப்பு வீரர்கள் தாடிக்காக வருடக்கணக்கில் வழக்காடி 2009இல் மேல்முறையீட்டிலும் வென்றார்கள். பாதுகாப்பைப் பற்றித் துறை வைத்த வாதம் நீதிமன்றத்தில் எடுபடவில்லை. நியூயார்க்கில் நடந்தது வேறு மாதிரி. அங்கே நான்கு கறுப்பின வீரர்களுக்கு மழித்தால் முடி உள்ளுக்குள் சுருண்டு வளர்ந்து முகமெல்லாம் கொப்புளமாகும் தோல்நோய். ஒட்டக் கத்தரித்த தாடியோடு வேலை செய்ய 2015இல் துறை அனுமதித்தது, 2018இல் திரும்பப் பெற்றது. அந்தக் காலத்தில் விபத்து ஒன்றும் இல்லை, மாஸ்க் பொருத்தச் சோதனையிலும் தேறினோம் என்பது அவர்கள் வாதம். 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், நாட்டின் பாதுகாப்பு விதியே தடுக்கும்போது துறை சலுகை தர முடியாது என்று சொல்லிவிட்டது.

என் கருத்தைக் கேட்டால்: தாடியை மனச்சாட்சிக்காக வைத்திருப்பவரைப் புகைக்குள் அனுப்பக்கூடாது, வேலையை விட்டும் அனுப்பக்கூடாது. வண்டி, பம்ப், தீத்தடுப்பு ஆய்வு, பயிற்சி என்று தீயணைப்பில் மாஸ்க் இல்லாத வேலைகள் ஏராளம். அந்த மாற்றுவேலையைத் தண்டனை போலக் கொடுக்கும் அதிகாரிகளை நான் பார்த்திருக்கிறேன். அது அயோக்கியத்தனம்.

சீக்கிய மருத்துவர்களைப் பற்றி இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். கொரோனா காலத்தில் பிரிட்டனில் சிலர் தாடி முழுவதையும் இழுபடும் பட்டையால் மூடிக் கட்டி, அதன்மேல் மாஸ்க் போடும் முறையைச் சோதித்து எழுதினார்கள். கெட்டிக்காரத்தனமான வேலை. மருத்துவமனைக்குச் சரி. எரியும் கட்டடத்துக்குள் அதை நம்பிப் போக எனக்குத் துணிவில்லை.

*

பயிற்சியில் இருக்கிறேன். தினமும் மழிப்பதால் கழுத்தெல்லாம் சிவந்து பரு. வழி உண்டா?
*வாசகர், சேலம்*

மேலே சொன்ன நியூயார்க்காரர்களின் தொல்லைதான், உங்களுக்கு லேசாக இருக்கலாம். குளித்து முடித்துத் தோல் ஊறியிருக்கும்போது சவரம் செய்யுங்கள். முடி சாயும் திசையிலேயே இழுங்கள், எதிர்த்திசை வேண்டாம். மூன்று நான்கு பிளேடு அடுக்கிய ரேசரை விட்டு ஒற்றை பிளேடுக்கு வாருங்கள். மாதம் ஒன்றாகியும் அடங்காவிட்டால் தோல் மருத்துவரைப் பாருங்கள். மறைத்துக்கொண்டு இளந்தாடியோடு டிரில்லுக்கு வராதீர்கள். சொன்னால் வழி பிறக்கும்.

*

மீசை?
*வாசகர், மதுரை*

மதுரையிலிருந்து வேறு என்ன கேள்வி வரும்! மீசைக்குத் தடையில்லை. விளிம்பைத் தொடாமல் மாஸ்க்குக்குள் அடங்க வேண்டும், உள்ளே இருக்கும் வால்வில் மாட்டக்கூடாது. முறுக்கிவிட்டு நுனி கன்னத்தைத் தாண்டினால் அதுவும் தாடிக் கணக்கில் சேரும். எனக்கு முப்பத்திரண்டு ஆண்டும் மீசை இருந்தது. மாஸ்க்குக்குள் வியர்வையில் நனைந்து வாய்க்குள் வரும், உப்புக் கரிக்கும். அது தனிக் கதை.

*

மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் மாஸ்க் போட முடியுமா? பெண் தீயணைப்பாளர்களுக்குத் தாடி இல்லாததால் இந்தப் பிரச்சினையே இல்லை அல்லவா?
*வாசகி, தஞ்சாவூர்*

கண்ணாடியின் காம்பு பொட்டில் விளிம்பைத் தூக்கிவிடும். தாடி செய்யும் அதே வேலை. காம்பில்லாமல் மாஸ்க்குக்குள்ளேயே பொருத்தும் கண்ணாடிச் சட்டம் தனியாக உண்டு, அதைத்தான் போட வேண்டும்.

பெண்களுக்கும் பிரச்சினை உண்டு. நெற்றியோரத்துக் குட்டிமுடி விளிம்புக்குள் மாட்டும். ஒரு பயிற்சிப் பெண்ணுக்கு மூன்று முறை மாட்டியும் கைச்சோதனையில் மாஸ்க் நிற்கவில்லை. வார் பழுது, ரப்பர் பழுது என்று தேடினோம். கடைசியில் காதோரம் தொங்கிய ஒரே ஒரு சுருள்முடி. ஈரக்கையால் தள்ளிவிட்டதும் கப்பென்று பிடித்துக்கொண்டது. காதில் பெரிய கம்மல் இருந்தாலும் கழற்றிவிடச் சொல்லுவேன். மாஸ்க்கை முதலில் மாட்டிச் சோதித்துவிட்டு, அதன்மேல்தான் தலைத்துணி உறையை இழுத்துவிட வேண்டும். அவசரத்தில் பலர் உறையையும் விளிம்புக்குள் சேர்த்து மாட்டுவார்கள். அதுவும் துணித் தாடி.

*

எங்கள் ஊரில் கிணற்றில் மோட்டார் பார்க்க இறங்கிய ஒருவர் மயங்கி விழுந்தார். முகத்தில் ஈரத்துண்டு கட்டிக்கொண்டு காப்பாற்ற இறங்கியவரும் இறந்தார். பழைய காலத்தில் தீயணைப்பு வீரர்கள் ஈரத்தாடியையே வடிகட்டியாக வைத்தார்கள் என்று படித்திருக்கிறேனே?
*வாசகர், புதுக்கோட்டை*

நானும் கேட்டிருக்கிறேன். அந்தக் காலத்து மேல்நாட்டுத் தீயணைப்பாளர்கள் நீளத் தாடியை நனைத்துப் பல்லில் கடித்துக்கொண்டு புகைக்குள் போவார்களாம். கதையாகவே இருக்கட்டும். கரித்தூள் கொஞ்சம் தங்கியிருக்கும், வாயு தங்கியிருக்காது. 1870களில் ஜான் டிண்டால் என்ற விஞ்ஞானி பஞ்சு, கிளிசரின், கரி எல்லாம் அடுக்கி லண்டன் தீயணைப்பாளர்களுக்காக ஒரு வடிகட்டி முகமூடி செய்தார். 1916இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஏரிக்கு அடியில் சுரங்கம் வெடித்தபோது காரெட் மார்கன் என்ற கறுப்பினக் கண்டுபிடிப்பாளர் தான் செய்த பாதுகாப்பு முகமூடியைத் தானே மாட்டிக்கொண்டு உள்ளே இறங்கி ஆட்களைத் தூக்கி வந்தார். இப்படிப் படிப்படியாக வந்ததுதான் இன்றைய சிலிண்டர். ஈரத்தாடி போதுமென்றால் யார் இத்தனை பாடுபட்டிருப்பார்கள்?

பாழ்கிணற்றில், கழிவுநீர்த் தொட்டியில் ஈரத்துண்டால் ஒரு பயனும் இல்லை. அங்கே ஆக்சிஜனே இல்லாமல் இருக்கலாம். எதை வடிகட்டுவீர்கள்? ஹைட்ரஜன் சல்பைடு இருந்தால் முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. போய்விட்டது என்று இறங்குவார்கள். அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பது ஆக்சிஜன் குறைவை மட்டும்தான் காட்டும். நச்சுவாயுவைக் காட்டாது. எரிவாயு இருந்தால் விளக்கே வெடிக்க வைக்கும். நான் போன கிணற்று அழைப்புகள் பலவற்றில் இரண்டாவது உடல் அண்ணனுடையதாகவோ அப்பாவுடையதாகவோ இருந்தது. கயிற்றைப் போடுங்கள், சத்தம் போடுங்கள், 101க்கு அழையுங்கள். இறங்காதீர்கள்.

*

ஓய்வுபெற்ற பிறகாவது தாடி வளர்த்தீர்களா?
*வாசகி, திருநெல்வேலி*

வளர்த்தேன். சென்ற ஆண்டு, பதினோரு நாள். முழுவெள்ளை. மனைவிக்குப் பிடித்திருந்தது, அதுதான் ஆச்சரியம். பன்னிரண்டாம் நாள் ஆயுத பூஜை. பழைய நிலையத்தில் கூப்பிட்டிருந்தார்கள். வண்டிகளுக்கு வாழைக்கன்று கட்டி, புதிதாக வந்த பி.ஏ. செட்டுகளை வரிசையாக வைத்து, சிலிண்டர்களுக்குச் சந்தனம் குங்குமம் இட்டிருந்தார்கள். என்னிடம் பயிற்சி எடுத்த பையன், இப்போது அங்கே நிலைய அலுவலர், ஒரு மாஸ்க்கை எடுத்து நீட்டி, "ஐயா, முதலில் நீங்கள் மாட்டிப் பாருங்கள்" என்றான். கையில் வாங்கினேன். கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. சுற்றிலும் மழித்த முகங்கள், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

"பத்து நிமிடம் பொறு, வந்துவிடுகிறேன்" என்றேன். நிலையத்துக்கு எதிரே ஒரு சலூன். பூஜை நாளென்று கடையை மூடப்போனவரைக் கெஞ்சி உட்கார்ந்தேன். எண்பது ரூபாய் வாங்கினார்.